மழையில் போட்டிருக்கிறேன் என்றார்

அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவரின் தலைக்கு மேலாகப் பார்க்கலாம். மலைப்பாதைக்கும் தூரப் பயணத்துக்கும் என்று செய்த மோட்டார் சைக்கிள் அது. சீட்டு இரண்டு படியாக இருக்கும், பின்படி உயரம். என் கணவரோ குள்ளம். அதனால் சாலையும், சாலைக்கு இந்தப் பக்கம் காற்றுத் தடுப்பும், அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இருக்கும் திரையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நான் அந்தத் திரையைப் படித்ததில்லை. அது அவர் பார்த்துக்கொள்கிற பொருள், நமக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. நான் காலடிப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் இருக்கிறேன். வந்தவர்கள் பிரித்துப் போட்ட புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்க வேண்டும். விற்கிற இடத்தில் நிற்கச் சொன்னார்கள். எனக்கு முகம் பார்த்துப் பேச வராது, மடிக்கிற இடமே போதும் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியைக் கணினிக் கம்பெனி இளைஞர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினார். என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை வாசலில் அது நின்றது. இருபுறமும் அலுமினியப் பெட்டி, முன்னால் கொக்கின் மூக்கு மாதிரி ஒரு நீட்டல். தெருவில் இருப்பவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, டிரெய்லரு குட்டி போட்டுகீதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய் அடுப்பங்கரையில் நின்றுகொண்டேன். பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்ட வயதில் இது என்ன கூத்து என்று தோன்றியது.

என் கணவர் பின்னாலேயே வந்தார்.

"வால்பாறை போவலாம்மே. நீயும் நானும். அப்பால இன்னும் மேல."

அவர் வாழ்க்கை முழுவதும் ஓட்டியது துறைமுகத்துக்கும் கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்கும் நடுவில் உள்ள சாலையில்தான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், திரும்பவும் ராயபுரம். அந்தத் தூரத்தையெல்லாம் சேர்த்து நீட்டினால் உலகத்தைச் சுற்றியிருப்பார். ஆனால் ஒரு மலையைப் பார்த்ததில்லை. அதை நான் அன்றுதான் யோசித்தேன்.

"எனக்கு பயமா இருந்தா?" என்று கேட்டேன்.

"பயமா கீதுன்னு ஒரு வாட்டி சொல்லு. ஒரே வாட்டி. அன்னிக்கே வித்துர்றேன். இது சத்தியம்."

அவருடைய சத்தியம் லேசானதில்லை. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பீடியை விட்டுவிட்டேன் என்று சொன்னவர், அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. அதனால் அன்றிலிருந்து பயம் என்ற சொல்லை நான் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டதற்கு அவர் ஆசை மட்டும் காரணமில்லை. எனக்கும் ஒன்று கிடைத்திருந்தது. ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டால் என்னை யாருக்கும் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவர்களை நேராகப் பார்ப்பேன். பேருந்தில் ஜன்னலோரம் இருப்பவர்களை, ஆட்டோவில் சண்டை போடுகிறவர்களை, டிரெய்லர் மேலே உட்கார்ந்து பல் துலக்குகிற கிளீனரை. வாழ்நாளில் நான் இவ்வளவு பேரின் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பின்சீட்டை இழக்க எனக்கு மனமில்லை.

டிரெய்லர் சத்தத்தில் பேசினால் கேட்காது என்பதால் அவர் எனக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். லாரியில் கிளீனர்கள் கதவைத் தட்டுவார்களே, அதுதான். தோளில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் ரைட், போகலாம். சேர்ந்தாற்போலத் தட்டிக்கொண்டே இருந்தால் இடம் இருக்கிறது, வா வா என்று அர்த்தம். நான் நல்ல கிளீனர் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார்.

வண்டியில் தரைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள மூன்று மோடு உண்டு. அவற்றையும் அவர் தன் தொழில் பாஷையில்தான் எனக்கு விளக்கினார்.

"ரெயின்னா லோடு ஏத்துன டிரெய்லரு. எவ்ளோ முறுக்குனாலும் மெதுவாத்தான் இழுக்கும். சறுக்க உடாது. ரோடுன்னா காலி வண்டி. சோக்கா பறக்கும், ஆனா பிரேக்க வண்டியே பாத்துக்கும். ஆஃப்-ரோடு மண்ணுக்கு, கல்லுக்கு. அதுல வண்டி தலையிடாது. பின்சக்கரம் சுத்துனா சுத்தட்டும்னு உட்டுடும். பிரேக் அடிச்சா பின்சக்கரம் லாக்காவும். மண்ணுல அது வோணும். ஈரத் தார்ல அப்டி ஓட்னா செத்தோம்."

இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான். அமுக்கினால் ரோட்டிலிருந்து ஆஃப்-ரோடு, அடுத்த அமுக்கில் ரெயின், அதற்கடுத்து மறுபடி ரோடு. திரையைப் பார்க்கவே வேண்டாம், விரலுக்கே தெரியும் என்பார். டிரெய்லரில் யாராவது குனிந்து பார்த்தா கியர் போடுகிறார்கள்? எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனோம். வால்பாறை போவதற்கு முன் ஒரு ஒத்திகை என்றார். லீவுக்குச் சொல்லி வைத்திருந்தார். சாமான் கனம் தெரியவேண்டும் என்று இரண்டு பெட்டியிலும் அரிசிப் பையை வைத்தார். முகத்துவாரத்துப் பக்கம் மணலில் ஆஃப்-ரோடு போட்டு என்னையும் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். பின்சக்கரம் அங்கும் இங்கும் நெளிந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் எனக்குக் கூச்சமே இல்லை.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். "சோக்கா குந்திகினியே மேல! எங்க போட்டுலகூட இவ்ளோ ஒசரம் கெடயாது. வுழுந்தா சொல்லியனுப்பு, வலையோட வர்றேன்."

கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மணலிலிருந்து ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நிலக்கரி ரயில். அது போய் முடிய வெகுநேரம் ஆகும். எங்களுக்கு முன்னும் பின்னும் டிரெய்லர்கள். அவர் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தது. டிரெய்லர்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். வரிசை நின்றால் சாவியைத் திருப்பிவிடுவார்கள். துறைமுக வாசலில் நாள் கணக்கில் நின்று பழகிய கை அது. மோட்டார் சைக்கிளில் எஞ்சினை மட்டும் நிறுத்த வலப்பக்கம் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அவர் தொட்டதே இல்லை.

கேட் திறந்தது. சாவியைப் போட்டார். கட்டைவிரலால் பொத்தானை ஒரு முறை அமுக்கினார். தலையைத் திருப்பி உரக்கச் சொன்னார்:

"முன்னால சாம்பல் தண்ணி கீது. மழையில போட்டுகிறேன். கெட்டியா புடிச்சிக்கோ."

அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புவார்கள். குழாய் எங்காவது கசிந்தால் அது சாலைக்கு வந்துவிடும். பார்க்க ஈரச் சிமெண்ட் மாதிரிதான் இருக்கும். கால் வைத்தால் சோப்பு. இங்கே இருப்பவர்களுக்கு அதில் எப்படி நடப்பது என்று தெரியும். அன்று சாலையின் பாதி அகலத்துக்கு அது பரவியிருந்தது.

மழையில் போட்டிருக்கிறேன் என்றார் இல்லையா, அதனால்தான் நான் திரையைப் பார்த்தேன். மழை என்றால் அதில் என்ன படம் போட்டிருப்பார்கள், குடையா, மேகமா என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

திரையில் ஆஃப்-ரோடு என்று இங்கிலீஷில் இருந்தது.

நான் பத்தாவது வரை படித்தவள். அந்த எழுத்துகள் எனக்குத் தெரியும். மறுபடி படித்தேன். அதேதான். பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு வேறு எரிந்தது. ஒருவேளை அவர் மனதை மாற்றிக்கொண்டாரோ, சாம்பலும் மண்தானே, அதற்கு இதுதான் சரியோ என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? நாம் சொல்லி அவர் சிரித்துவிட்டால்? இப்படி யோசித்து யோசித்தே நான் வாயைத் திறக்காமல் இருந்த இடங்கள் நிறைய. அதற்குள் முன்சக்கரம் சாம்பல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. வலப்பக்கம் ஒரு டிரெய்லர் எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தது. அதன் சக்கரம் என் முழங்கால் உயரத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்தது.

"ஈரத் தார்ல அப்டி ஓட்னா செத்தோம்" என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குள் வந்து விழுந்தது.

தோளில் தட்டினேன். ஒன்று தட்டினால் நில் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை ஒன்றோடு நிற்கவில்லை. படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தது. "யோவ்! யோவ்!" என்று கத்தினேன். அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவர் முறுக்கினார். டிரெய்லரைத் தாண்டிப் போகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பின்சக்கரம் எங்களை விட்டுத் தனியாகப் போகப் பார்த்தது. வண்டியின் பின்பாதி டிரெய்லர் பக்கம் திரும்பியது. அவர் பிரேக்கை மிதித்தார். சக்கரம் அப்படியே இறுகிப்போய், நாங்கள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனோம். நான் கண்ணை மூடவில்லை. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிரீஸ் பிடித்த சங்கிலி ஒன்றைப் பார்த்தேன். பிறகு இடது பெட்டி தரையில் இடித்து, வண்டி சாய்ந்து, நாங்கள் இரண்டு பேரும் சாம்பலில் உட்கார்ந்திருந்தோம். காற்று பிரேக்கின் சீறல் கேட்டது. டிரெய்லர் நின்றுவிட்டது.

பெட்டியும் முன்னால் இருந்த இரும்புக் கம்பியும் வண்டியைத் தாங்கிக்கொண்டதால் எங்கள் கால் அடியில் மாட்டவில்லை. எனக்கு முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. எழுந்து நின்றேன். கை கால் எல்லாம் என்னுடையதுதானா என்று பார்த்தேன்.

டிரெய்லர் டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "யோவ் பெர்சு! குளிக்க வேற எடம் கெடைக்கல உனுக்கு?" என்று ஆரம்பித்தவர், என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் வாயைப் பிளந்தார். "அடப்பாவி, நீயா மாமு? நாப்பதடி டப்பாவ ரிவர்ஸ்ல சந்துக்குள்ள நொழைக்கிறவன், ரெண்டு சக்கரத்துல வுழுந்துகினு கீறியே! யார்டுல சொன்னா ஒருத்தன் நம்பமாட்டான்."

இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றிருந்தது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த டிரைவர் "அண்ணிக்கு டீ வாங்கிக் குடு, மூஞ்சி வெளுத்துப்பூட்ச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் இவர் என்னிடம் திரும்பினார்.

"ஏன்மே அப்டி தட்ன? ஒன்னு தட்னா நிப்பேன். நீ பாட்டுக்கு வா வா வான்னு தட்ற!"

"பயந்த கை எண்ணிப் பாத்தா தட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே இறங்கிப்போனது. சாம்பல் அப்பிய சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சொல்லிட்ட இல்ல? சரி. வித்துர்றேன்."

ஹெல்மெட்டை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினார். ஆனால் என் மனதில் இருந்தது வேறு. விழுந்ததைவிட அதுதான் என்னை உலுக்கிக்கொண்டிருந்தது.

"மழையில போட்டேன்னு சொன்னீங்களே," என்றேன். "அதுல ஆஃப்-ரோடுன்னு கீது."

"இன்னா ஒளர்ற? ரெயின்தான்."

"படிங்க."

அவர் திரையைப் பார்த்தார். "ரெயின். எழுதிகீது பாரு."

பொய் சொல்லவில்லை அவர். எனக்கு அவர் பொய் சொல்லும் முகம் தெரியும். இது அதில்லை. நான் திரையில் விரலை வைத்தேன். "இது ஒரு வார்த்தையா, ரெண்டு வார்த்தையா?"

அவர் தலையைப் பின்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். கழுத்து போகிற தூரம் போய்விட்டது. கண்ணைச் சுருக்கினார். "வெளிச்சம் அடிக்குதுமே," என்றார்.

வெளிச்சம் எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது. திரை மேல் எங்கள் நிழல்தான் விழுந்திருந்தது.

அந்தத் தலை பின்னால் போனதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். கேஸ் புத்தகத்தைக் கொடுத்து "நீ படி" என்பார். மகள் போனில் அனுப்புகிறதை என்னிடம் நீட்டி "படிச்சவ நீ, படி" என்பார். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் என்னிடம்தான் வரும். அவர் எட்டாவதோடு நின்றவர். நான் பத்தாவது. வீட்டில் அந்த ஒரு மரியாதையை எனக்குக் கொடுக்கிறார் என்று எத்தனை நாள் மனதுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன்! பக்கத்து வீட்டு அம்மாவிடம்கூட ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

"உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

டிரெய்லர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலைப் பிசைந்துகொண்டு போயின.

"தூரம் நல்லா தெரியுது. பாலத்து மேல போற பஸ்ஸு நம்பரு சொல்லவா? கிட்டத்துலதான்... யார்டுல கண்ணு டெஸ்டு வைப்பானுங்க. லைசென்ச புடுங்கிகினா வூட்ல குந்திகினு இன்னா பண்றது? பயந்துட்டேன்மே."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. முழங்கை எரிந்துகொண்டிருந்தது, அதையும் மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு அவர் வண்டியைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டும், கொஞ்சம் ஊர்ந்து ஓட்டிக்கொண்டும் வந்தார். நான் ஆட்டோவில் வந்தேன். மறுநாள் வேலை முடிந்ததும் அவரைக் கண்ணாடிக் கடைக்கு வரச் சொன்னேன். என் கடைக்கு இரண்டு வாசல் தள்ளித்தான் அது இருக்கிறது. வந்தார். வண்டியிலேயே வந்தார். வழியில் வண்டி வாங்க நினைக்கிற ஒருவரிடம் காட்டப் போவதாகச் சொன்னார். பெட்டியின் நெளிவில் இன்னும் சாம்பல் இருந்தது.

கடையில் கண் பார்க்கிறவர் வயதானவர், குறும்புக்காரர். எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார். இவர் கையை நீட்டிக்கொண்டே போனார்.

"கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா கண்ணாடியே வேணாம் உனுக்கு," என்றார் அவர்.

"கண்ணாடி போட்டா லைசென்சு..." என்று இவர் மென்று விழுங்கினார்.

"நைனா, நாப்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் வர்றதுதான் இது. போட்டா ஒண்ணியும் ஆவாது. போடாம ஓட்டி எவன் மேலயாச்சும் ஏத்துனாதான் பேஜாரு."

மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி எழுதிக்கொடுத்தார். தயாராகச் சில நாள் ஆனது. அந்த நாட்களில் இவர் வண்டியைத் தொடவில்லை. வாங்க நினைத்தவர் வீட்டுக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

கண்ணாடி வாங்கப் போன அன்றுதான் வண்டியை எடுத்தார். கடை வாசலிலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் நேராக வண்டியிடம் போய்ச் சாவியைத் திருப்பினார். தாடையைத் தூக்கி, கண்ணை மட்டும் இறக்கி, திரையைப் பார்த்தார்.

"இன்னாமே இது," என்றார். "இவ்ளோ எழுத்து கீது இதுல!"

ஒவ்வொன்றாகப் படித்தார். சர்வீஸ் விடும் நாள் தாண்டி மாதமாகிறது என்று ஒரு மூலையில் இருந்தது. டயரில் காற்றைப் பார் என்று ஒன்று. பொத்தானை ஒரு முறை அமுக்கி ஆஃப்-ரோடு போட்டார். சாவியைத் திருப்பி அணைத்தார். மறுபடி போட்டார். அப்போது திரையின் அடியில் ஒரு வரி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து படித்தோம். மோடு மறுபடி ரோட்டுக்கு மாற்றப்பட்டது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அது மறைந்தது.

அவர் மறுபடி அணைத்தார். போட்டார். மறுபடி அதே வரி. சாவியைத் திருப்பினால் ஆஃப்-ரோடு நிற்பதில்லை. வண்டி தானாக ரோட்டுக்குப் போய்விடுகிறது. அதிலிருந்து ஒரு அமுக்கு அமுக்கினால் மழை எப்படி வரும்? ஆஃப்-ரோடுதான் வரும்.

"ஒவ்வொரு கேட்லயும் சொல்லிகினுதான் இருந்துகீது," என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "எத்தினி வாட்டி உன்ன பின்னால வச்சிகினு..."

கண்ணாடிக்குள் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அப்படியே நிமிர்ந்து என் பக்கம் திரும்பியவர், ஒரு கணம் என் முகத்தையும் அந்தத் திரையைப் பார்த்தது போலவே தாடையைத் தூக்கிப் பார்த்தார். என்ன படித்தாரோ தெரியாது. நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாளைக்கு அந்த ஆளு பணத்தோட வர்றான்," என்றார். "நீ சொன்ன சொல்லு சொன்னதுதான். சத்தியம் சத்தியம்தான்."

"நான் பயந்தது வண்டிக்கு இல்ல," என்றேன்.

"பின்ன இன்னாத்துக்கு?"

நான் அவர் கண்ணாடியைத்தான் பார்த்தேன். கடைத்தெரு முழுக்க ஆட்கள். எனக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டால் தேவலாம் போலிருந்தது. போட்டுக்கொண்டேன். அவர் தோளைப் பிடித்து, காலை ஊன்றி, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவரும் ஏறினார். அங்கிருந்து பார்க்க எல்லாம் தெரிந்தது.

"இன்னா மோடு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அவர் தாடையைத் தூக்கினார். "ரோடு."

நான் அவர் தலைக்கு மேலாக எட்டிப் படித்தேன். ரோடுதான்.

போகலாமா, வேண்டாமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். நாளைக்கு வருகிறவருக்கு என்ன பதில், வால்பாறைக்கு என்ன பதில், ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் கீழே குனிந்து பார்த்தபோது என் கை அவர் தோளில் இருந்தது. அது ஏற்கெனவே இரண்டு தட்டு தட்டிவிட்டிருந்தது.